நீங்கள் பார்த்தது எந்தப் படம்?

வணக்கம் அக்கா,

நாங்கள் ஏழு பேர், பள்ளிக் காலத்துச் சிநேகிதம். மாதக் கடைசிச் சனிக்கிழமை யார் வீட்டிலாவது கூடி, அந்த மாதம் பார்த்த படங்களைப் பற்றிப் பேசுவோம். இரண்டு பேருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். மூன்று பேர் ஆங்கில சப்டைட்டிலை வாசித்துத்தான் பார்ப்பார்கள். ஒருத்தி இந்தி டப்பிங்கில் பார்ப்பாள். நான் வார இறுதி வகுப்பில் தமிழ் படித்தவன், அரைகுறை.

பேச்சு பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. ‘சூப்பர்’, ‘செகண்ட் ஹாஃப் லேக்’, ‘லாஜிக் இல்லை’. அப்புறம் வசூல் கணக்கு, அதுவும் இல்லாவிட்டால் ஹீரோ சண்டை. போன மாதம் ஒரே படத்தை ஒருவன் ‘வேற லெவல்’ என்றான், இன்னொருவன் ‘தூங்கிட்டேன்’ என்றான். இருவரும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எப்படிப் பேசினால் பேச்சு நீளும்? விமர்சனம் எழுதுகிற அளவுக்கெல்லாம் வேண்டாம். இன்னொன்று, எங்கள் ஆயாவும் (பாட்டிதான்) கூட உட்கார்ந்து பார்க்கிற மாதிரி படம் தேர்ந்தெடுக்க வழி உண்டா?

மோ., ஃபீனிக்ஸ், டர்பன்

அன்புள்ள தம்பி,

அந்த இருவரிடமும் முதலில் நான்கு கேள்வி கேளுங்கள். எதில் பார்த்தாய்? எந்த மொழியில்? எத்தனை தடவையாக உட்கார்ந்து? என்ன வேகத்தில்? நாலுக்கும் இருவர் பதிலும் ஒத்துப்போவது அபூர்வம். இரண்டு வேறு படங்களைப் பார்த்துவிட்டு ஒரே பெயரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

நம் ஊருக்கு இந்தத் தொல்லை புதிது. தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976-இல்தான். அதுவரை டர்பனில் நம்மவர்களுக்குப் படம் என்றால் கிரே ஸ்ட்ரீட் வட்டாரத்துக் கொட்டகைகள்தான். ஷாஜஹானிலோ அவலானிலோ ஒரே திரை, ஒரே பிரதி, எல்லோருக்கும் ஒரே இருட்டு. வெளியே வந்து எவ்வளவு சண்டை போட்டாலும் பார்த்த பொருள் ஒன்று. இன்று ஒருவர் வேலைக்குப் போகும் டாக்ஸியில் கைபேசியில் பார்க்கிறார். இன்னொருவர் முதல் பாதியை வியாழனும் மறுபாதியை ஞாயிறும் பார்க்கிறார். மூன்றாமவர் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறார்.

இந்த வேகக்காரரைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டரை மணி நேரப் படம் அவருக்கு 100 நிமிடத்தில் முடிந்துவிடும். வசனம் எப்படியும் காதில் ஏறிவிடும், அடிபடுவது மௌனம். கதவருகே மூன்று நொடி நிற்கிறவள் இரண்டு நொடி நிற்கிறாள். ‘தயங்கினாள்’ என்பது ‘நின்றாள்’ என்று ஆகிவிடுகிறது. அவர் ‘ஹீரோயினுக்கு எக்ஸ்பிரஷனே இல்லை’ என்று சொன்னால் ஆச்சரியமில்லை.

படத்தின் நீளத்தையும் நிமிடக் கணக்கில் கேட்டு வையுங்கள். கொட்டகையில் வந்ததும் ஓடிடியில் வந்ததும் எப்போதும் ஒன்றல்ல. வெளியான பிறகு வெட்டுவதும் உண்டு: 2024-இல் ‘இந்தியன் 2’ வெளியான சில நாட்களிலேயே 12 நிமிடம் குறைக்கப்பட்டது. முதல் நாள் பார்த்தவரும் அடுத்த வாரம் பார்த்தவரும் ‘இழுவை’யைப் பற்றி வாதாடினால் இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

இந்தி டப்பிங் தோழியிடம் நடிப்பைப் பற்றிக் கருத்துக் கேட்பதில் நியாயமில்லை. உதட்டசைவுக்கு ஒட்டவேண்டி வசனத்தையே மாற்றியிருப்பார்கள். மதுரைக்காரன், கோவைக்காரன், வடசென்னைக்காரன் மூவரும் ஒரே இந்தி பேசுவார்கள். பாட்டு வேறு வரிகளில் வரும், சில சமயம் வராமலே போகும். அவள் ‘நடிப்பு சுமார்’ என்றால் பாதி டப்பிங் கலைஞரைச் சொல்கிறாள். ஆனால் ஒளிப்பதிவு, சண்டை அமைப்பு, ஆள் நிற்கும் இடம், எடிட்டிங் ஆகியவற்றை அவளிடம்தான் கேட்க வேண்டும். காது ஏமாற்றப்பட்டவளுக்குக் கண் கூர்மையாகிவிடும்.

டிவியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். படம் எடுக்கப்படுவது நொடிக்கு 24 பிரேமில். பெரும்பாலான புது டிவிகள் நடுவில் தாமாகவே பொய் பிரேம்களைச் செருகி அசைவை வழவழப்பாக்கும். ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ என்று கம்பெனிக்கொரு பெயர். அது ஓடிக்கொண்டிருந்தால் கோடிக்கணக்கில் செலவழித்த படமும் மத்தியான சீரியல் மாதிரி தெரியும். செட்டிங்கில் அதை அணையுங்கள், அல்லது ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைப் போடுங்கள். அடுத்தது ஒலி. 5.1 ஒலியில் (பல ஸ்பீக்கருக்குப் பிரித்து அனுப்பும் ஒலி) வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கு என்று வருவது. உங்கள் டிவியில் இருப்பது இரண்டே சின்ன ஸ்பீக்கர் என்றால் வசனம் முணுமுணுக்கும், பாட்டு வந்ததும் பக்கத்து வீடு விழிக்கும். ஒலி அமைப்பில் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். ‘நைட் மோட்’ மாதிரி ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். ‘ஒண்ணுமே புரியல’ என்ற புகாரில் பாதி இங்கேயே தீரும்.

இனி சப்டைட்டில். உங்கள் கூட்டத்தில் மூன்று பேர் அதை நம்பியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆங்கில வரிக்குப் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு வரி, வரிக்குச் சுமார் 42 எழுத்து, வாசிப்பு வேகம் நொடிக்கு 17 முதல் 20 எழுத்து. மூன்று நொடிக்குள் கணவன் வெடுக்கென்று ஒன்று கேட்டு மனைவி சுருக்கென்று ஒன்று திருப்பினால், வாசிப்பவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய பத்துச் சொல். அந்தப் பத்துக்குள் செய்தி அடங்கிவிடும், சுருக் அடங்காது. நகைச்சுவையில் இன்னும் மோசம். கேள்வியும் பதிலும் ஒரே நேரத்தில் திரையில் விழுவதால் நடிகர் வாயைத் திறக்குமுன்பே மூன்று பேர் சிரித்து முடித்திருப்பார்கள், தமிழ் தெரிந்த இரண்டு பேர் அப்போதுதான் சிரிக்க ஆரம்பிப்பார்கள். ‘காமெடி ஒர்க் அவுட் ஆகல’ என்ற தீர்ப்பு அங்கே பிறக்கிறது.

அதைவிடப் பெரிய இழப்பு நீ, நீங்க. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். ஒரு மணி நேரமாக ‘நீங்க, வாங்க’ என்று பேசிக்கொண்டிருந்தவள் ஒரு காட்சியில் ‘வா’ என்கிறாள். தமிழ்க் காதுக்கு அது காதலைச் சொல்லிவிட்ட இடம். வரியை வாசித்தவருக்கு எதுவும் நடக்கவில்லை. இருபது நிமிடம் கழித்து இருவரும் கை கோத்து நடக்கும்போது ‘இது எப்ப நடந்துச்சு, லாஜிக்கே இல்லை’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கோபத்தில் மகன் அப்பாவை ‘நீ’ என்றழைக்கும் இடமும் இப்படியே காணாமல் போகும்.

உறவுச் சொல்லில் மட்டும் நம் ஊர்க்காரர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. தமிழ் மறந்த வீட்டிலும் அண்ணா, அக்கா, மாமி, தாத்தா, ஆயா மறக்கவில்லை. ஆகவே வரியில் ஆளின் பெயர் ஓடும்போது காதில் ‘மாமா’ என்று விழுந்தால் உங்கள் மூவரும் பிடித்துவிடுவார்கள். பிடித்ததை அந்த நேரத்தைப் போட்டுக் கைபேசியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்: ‘1:12, வரி வேற, காதுல மாமா’. சனிக்கிழமை தமிழ் தெரிந்த இருவருக்கும் இதுதான் வேலை. அது தாய்மாமனா, முறைமாமனா, கட்டின புருஷனா, இல்லை வம்புக்குக் கூப்பிடுகிறாளா? இந்த ஒரு கேள்விக்கே அரை மணி நேரம் ஓடும்.

பழைய டிஸ்க்கில் உள்ள படத்துக்கு வரியைத் தனிக் கோப்பாகச் சேர்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வரி தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு பிந்தி வந்தால், கணினியில் படம் ஓட்டும் விஎல்சி பிளேயரில் ‘ஜி’ விசையைத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு 50 மில்லிநொடி முன்னுக்கு வரும். முந்தி வந்தால் ‘ஹெச்’. ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் தட்டிப் பயனில்லை. அது 24 பிரேம் கணக்கில் எழுதிய வரியை 25 பிரேம் பிரதியோடு ஓட்டுவதால் வருவது. நிமிடத்துக்கு 2 நொடிக்கு மேல் விலகி, இரண்டரை மணி நேரப் படத்தில் கடைசியில் ஆறு நிமிடம் தள்ளி நிற்கும். அந்தப் பிரதிக்கென்றே எழுதிய கோப்பு வேண்டும்.

இப்போது உங்கள் ‘லேக்’. ஒரு சொல்லில் நாலு நோயை அடைத்து வைத்திருக்கிறோம். நமக்கு முன்பே தெரிந்த செய்தியைப் பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் மறுபடி சொல்லிக்கொண்டிருக்கலாம். முதல் பாதி எழுப்பிய கேள்விக்கு இடைவேளையிலேயே விடை வந்து, அப்புறம் தெரிந்துகொள்ள எதுவும் மிஞ்சாமல் போயிருக்கலாம். கதை ஓடத் தொடங்கிய இடத்தில் பாட்டு குறுக்கே விழுந்திருக்கலாம் (பாட்டு கட்டாயமில்லை என்று 1954-லேயே ‘அந்த நாள்’ காட்டிவிட்டது, ஆகவே ‘இது ஏன் இங்கே?’ என்று எந்தப் பாட்டையும் கேட்கலாம்). நாலாவது நோய் பார்க்கிறவருடையது. நம் படங்கள் இடைவேளையை வைத்தே எழுதப்படுகின்றன: ஒரு அதிர்ச்சி, விளக்கு, தேநீர், மறுபடி மெதுவான தொடக்கம். வீட்டில் நிறுத்தாமல் ஓட்டினால் அந்த மெதுவான தொடக்கம் அதிர்ச்சியின் தலையிலேயே வந்து விழும். இடைவேளை அட்டை வரும் இடத்தில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். அதன் பிறகும் லேக் என்றால் அது படத்தின் லேக்தான். எந்த நிமிடத்தில் தொடங்கியது என்று கேளுங்கள். சொல்ல முடிந்தால் நாலில் எது என்று மற்றவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

‘லாஜிக் இல்லை’ என்பதற்கும் அதே மருந்துதான். ஒரு ஆள் இருபது பேரை அடிப்பது லாஜிக் பிழையல்ல, அந்த வகைப் படத்தின் வழக்கம். முதல் காட்சியில் நீந்தத் தெரியாதவன் கடைசியில் நீந்தினால் அது பிழை. வசூலைப் பற்றிப் பேசாதீர்கள் என்று சொன்னால் கேட்கமாட்டீர்கள். கிராஸ், நெட், ஷேர் மூன்றில் எதைச் சொல்கிறீர்கள் என்றாவது ஒருவரையொருவர் கேளுங்கள். டிக்கெட் மேல் போடும் அரசு வரியோடு சேர்த்தது கிராஸ், அந்த வரி போக நெட், கொட்டகைக்காரர் பங்கும் போக விநியோகஸ்தர் கையில் வருவது ஷேர். ஹீரோ சண்டைக்கு என்னிடம் மருந்தில்லை.

பேசும் வரிசை ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தீர்ப்பைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஆளுக்கொரு காட்சி, இரண்டு நிமிடம். முதலில் திரையில் என்ன இருந்தது, அப்புறம் தனக்கு என்ன ஆயிற்று. தமிழ் தெரியாதவர்கள் முதலில் பேசட்டும், தெரிந்தவர்கள் பிறகு. முறை மாறினால் முதல் மூவரும் வாயைத் திறக்கமாட்டார்கள், ‘உனக்குப் புரியலை’ என்ற ஒரு சொல் போதும். பார்க்காதவர் யாராவது இருந்தால் இடைவேளை வரை தாராளமாகப் பேசலாம், அதற்கு மேல் அவரைக் கேட்டுவிட்டு. பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதை விட்டுவிட்டு, ‘இதை யாருக்குச் சொல்வாய்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

ஆயா விஷயம். இங்கே படத்தின் மேல் போடும் 13, 16, 18 எண்களும் அருகில் வரும் எழுத்துக்களும் (வன்முறைக்கு ‘வி’, கெட்ட வார்த்தைக்கு ‘எல்’, பாலுறவுக்கு ‘எஸ்’) உதவும். இந்தியச் சான்றிதழிலும் 2024 முதல் யுஏ 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். ஆனால் அவை பிள்ளைகளுக்கான எச்சரிக்கை. ஆயாவுக்கு வேறு கணக்கு. உங்கள் ஆயாவுக்கு வீட்டுத் தமிழ் தெரிந்திருந்தால் இன்றைய சென்னை இளைஞர் பேச்சும் பாதி ஆங்கிலமும் கலந்த படம் அவருக்கு அந்நியம். இங்கே வந்த தமிழ் முன்னோரில் பலர் வட ஆர்க்காடு, செங்கல்பட்டுப் பக்கத்தார். வடமாவட்டக் கிராமப் பேச்சு உள்ள குடும்பப் படமென்றால் சட்டென்று ஒட்டிக்கொள்வார். முதல் பத்து நிமிடத்தை நீங்கள் முன்னாலேயே பாருங்கள். எத்தனை வாக்கியத்தில் ஆங்கிலச் சொல் வருகிறது என்று எண்ணினால் தெரிந்துவிடும்.

அவரை ஓரத்தில் உட்காரவைக்காதீர்கள். டிவிக்கு நேரெதிரே நாற்காலி போட்டு, யாராவது ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு மாறினால் கையைத் தூக்கச் சொல்லுங்கள். சப்டைட்டில் வாசிக்கும் மூவரும் திரையோடு அந்தக் கையையும் பார்க்கட்டும்.