சிறுநீர் இறங்கத் தாமதமா? கேள்விகளுக்கு ஓய்வு பெற்ற தாதியின் பதில்கள்

பினாங்கில் சிறுநீரகச் சிகிச்சை வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். மற்றதை என்னிடம் கேளுங்கள்.

கழிவறையில் இரண்டு நிமிடம் நின்றால்தான் சிறுநீர் வருகிறது. 64 வயதில் இது இயல்புதானே? (பட்டர்வொர்த்)

பலருக்கும் வருவதுதான் ஐயா, ஆனால் அதற்காக விட்டுவிடக் கூடாது. சிறுநீர்க்குழாயைச் சுற்றியிருக்கும் புராஸ்டேட் சுரப்பி வயதாக ஆகப் பருத்துக் குழாயை நெருக்குவதே பெரும்பாலும் காரணம். முக்காதீர்கள். உட்கார்ந்து, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, முடிந்துவிட்டதாகத் தோன்றிய பின் அரை நிமிடம் பொறுத்து மீண்டும் ஒருமுறை முயலுங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார மருந்தகம்) காட்டினால், கழித்த பிறகு சிறுநீர்ப்பையில் எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேன் பார்க்க அனுப்புவார்கள். புராஸ்டேட் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை கொடுத்தால் படுக்கையிலிருந்து சட்டென எழ வேண்டாம், தலை சுற்றும்.

இன்னொன்று: சளி மாத்திரை. மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்கும். தூக்கம் வரவழைக்கும் குளோர்பெனிரமின் பையின் தசையைத் தளர்த்தும். ஒரு நள்ளிரவில் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நெளிந்துகொண்டிருந்த பெரியவருக்குக் குழாய் போட்டபோது ஒரு லிட்டருக்கு மேல் வடிந்தது; அவர் சட்டைப் பையில் பாதி காலியான சளி மாத்திரை அட்டை இருந்தது.

வீட்டில் தடையில்லை. பேரங்காடியில் பக்கத்தில் யாராவது நின்றால் ஒரு சொட்டும் வருவதில்லை. (பிறை, 27)

தம்பி, இது கூச்சத்தால் வருவது. பதற்றத்தில் சிறுநீரை அடக்கும் சுருக்குத்தசை இறுகிக்கொள்கிறது. நெருங்கிய நண்பர் ஒருவரை முதலில் கதவுக்கு வெளியே தள்ளி நிற்கச் சொல்லி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக அருகே வரவிட்டுப் பழகினால் பலருக்குக் குறைகிறது. அதுவரை கதவுள்ள அறைக்குள் போங்கள், அதில் வெட்கம் எதற்கு? வெளியே போகும் நாளில் தண்ணீர் குடிப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

பூனைமீசை மூலிகைத் தேநீர் குடித்தால் சரியாகுமா? (ஆயர் ஈத்தாம்)

ஆகாது. அது சிறுநீரைப் பெருக்குவதற்குப் பெயர் பெற்றது. வாய்க்கால் அடைபட்டிருக்கையில் குளத்தில் மேலும் நீர் விட்டு என்ன பயன்?

என் தாத்தா 20 ஆண்டுகள் குடித்தார். மூலிகை என்றாலே உங்களுக்கு இளக்காரமா? (மீண்டும் ஆயர் ஈத்தாம்)

என் வீட்டுத் தொட்டியிலும் அந்தச் செடி இருக்கிறது அண்ணா. உங்கள் தாத்தாவுக்கு அடைப்பு இருந்ததா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடைப்பு இருப்பவர் குடித்தால் பை மேலும் விரியும். அளவுக்கு மீறி விரிந்த தசை எளிதில் பழைய வலுவுக்குத் திரும்பாது.

பார்லித் தண்ணீர்?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

இளநீர்?

அதே பதில்தான்.

குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வருமாமே?

சிலருக்கு வரும். தண்ணீர்க் கட்டணம் உங்களுடையது.

எனக்கு 55 வயது. 15 ஆண்டுகளாக இனிப்பு நீர் (நீரிழிவு) நோய். பெண்களுக்கும் இது வருமா?

வரும் அக்கா. இனிப்பு நீர் நோய் சிறுநீர்ப்பையின் நரம்புகளைப் பாதிக்கும். கருப்பை இறங்கினாலும், மலச்சிக்கல் முற்றினாலும் தடை உண்டாகும். அடுத்த முறை சர்க்கரை பார்க்கப் போகும்போது இதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அப்பாவுக்குக் காலையிலிருந்து சிறுநீரே இல்லை. அடிவயிறு கல் போல் இருக்கிறது. என்ன கொடுக்கலாம்?

எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். இப்போதே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 999. இரண்டு நாட்களாக அவர் விழுங்கிய மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், சளி மாத்திரை உட்பட.