பெர்மிட் இல்லாத நாட்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மலேசியாவில் கிள்ளான் பக்கம் ஓர் உணவகத்தில் தோசை, ரொட்டி போடுகிறேன். சொந்த ஊர் சிவகங்கை மாவட்டம். 2024 ஜனவரியில் இங்கே வந்தேன். ஊரில் ஓர் ஏஜெண்டிடம் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தோம். "முதலில் சுற்றுலாப் பயணியாகப் போ, ஒரு மாதத்தில் பெர்மிட் எடுத்துவிடலாம்" என்றார். திருச்சி விமான நிலையத்தில் கேட்டால் பத்துமலை முருகனைப் பார்க்கப் போவதாகச் சொல்லச் சொன்னார். அப்படியே சொல்லி வந்தேன்.

பெர்மிட் வரவில்லை. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். சம்பளம் 1,500 ரிங்கிட். அதிலும் இரண்டு மாதமாக ஒன்றும் தரவில்லை. கேட்டால் "இமிகிரேஷனுக்குப் போன் போடட்டுமா?" என்கிறார். கடைக்கு மேல்மாடியில் ஏழு பேர் படுக்கிறோம். ராத்திரி வண்டி நிற்கும் சத்தம் கேட்டாலே எழுந்து செருப்பைத் தேடுகிறோம்.

இப்போது ஒருவர் 6,000 ரிங்கிட் கொடுத்தால் பெர்மிட் அடித்துத் தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் அகதி அட்டை வாங்கிவிட்டால் யாரும் தொட மாட்டார்கள் என்கிறார். ஊரில் மனைவியின் நகை அடகில் இருக்கிறது, வட்டி ஏறுகிறது. வெறுங்கையோடு திரும்புவதைத் தவிர எனக்கு வேறு வழி உண்டா? என் பெயரைப் போட வேண்டாம்.

ம.

அன்புள்ள தம்பி,

அந்த 6,000 ரிங்கிட்டைக் கொடுக்காதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம், இதை மட்டும் இன்றே முடிவு செய்துவிடுங்கள்.

மலேசியாவில் வேலை பெர்மிட் என்பது தொழிலாளி தனியாகப் போய் வாங்கும் பொருளல்ல. முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும். இத்தனை வெளிநாட்டு ஆட்கள் என்று அவருக்கு அரசு ஒதுக்கீடு தந்திருக்க வேண்டும். ஆள் தன் நாட்டில் இருக்கும்போதே அனுமதி வாங்கி, வேலைக்கான விசாவோடு உள்ளே வர வேண்டும், வந்த பிறகு மருத்துவப் பரிசோதனை. சுற்றுலாப் பயணியாக வந்தவரை உள்ளே வைத்தே தொழிலாளியாக மாற்றும் கதவு சாதாரண நாட்களில் கிடையாது. 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் நுழைய அனுமதி தந்தார்கள். அது பார்த்துவிட்டுப் போவதற்கான அனுமதி. உங்கள் ஏஜெண்ட் அந்தச் சலுகையைத்தான் ஒன்றரை லட்சத்துக்கு விற்றிருக்கிறார். அரசு இலவசமாகத் தந்ததை விற்றவர்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எழுதத் தொடங்கினால் உங்களுக்குச் சொல்ல வேண்டியது பின்னுக்குப் போய்விடும்.

பெர்மிட் இல்லாதவர்களைப் பதிவு செய்து வேலைக்கு எடுத்துக்கொள்ளும் திட்டங்களை அரசு அவ்வப்போது கொண்டுவந்தது உண்மைதான். 2011இல் ஒன்று, 2016இல் ஒன்று, 2020 இறுதியில் ஒன்று, கடைசியாக 2023 ஜனவரியில் ஒன்று. எல்லாமே முதலாளி வழியாகத்தான். அந்தக் கடைசித் திட்டமும் மூடப்பட்டுவிட்டது. 2016 திட்டத்தின்போது ஏஜெண்டுக்குப் பணம் கட்டிய ஒருவர் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்து என்னிடம் காட்டினார். கார்பன் தாளில் மங்கிய நீல எழுத்து, ஏதோ ஒரு நிறுவனத்தின் ரப்பர் முத்திரை, "பதிவுக்காக" என்று ஒற்றைச் சொல், கீழே ஒரு கிறுக்கல். எந்தப் பதிவு, யாரிடம், எந்த எண் என்று எதுவும் இல்லை. கடைசியில் அவர் கையில் மிஞ்சியது அந்தத் தாள் மட்டும்தான். பெர்மிட் எடுத்துத் தருகிறேன் என்று வருகிறவரிடம் "எந்த நிறுவனத்தின் பெயரில், எந்த ஒதுக்கீட்டில்?" என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்று. உணவகம் போன்ற சேவைத் துறையில் ஆளுக்கு ஆண்டுக்கு 1,850 ரிங்கிட் லெவி உண்டு, அதாவது வெளிநாட்டு ஆளை வைத்துக்கொள்வதற்கு அரசுக்குக் கட்டும் வரி. 2018 முதல் அதை முதலாளிதான் கட்ட வேண்டும். லெவிக்கு என்று உங்களிடம் பணம் கேட்பவர் அந்த இடத்திலேயே பொய் சொல்கிறார்.

அகதி அட்டைப் பேச்சையும் விட்டுவிடுங்கள். ஐ.நா. அகதிகள் ஆணையம் தரும் அட்டை உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவர்களுக்கு உரியது. மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, எனவே உண்மையான அட்டை வைத்திருப்பவர்களுக்கே அங்கே வேலை செய்யும் உரிமை சட்டத்தில் இல்லை. காசுக்கு வாங்கிய அட்டையோடு பிடிபட்டால் பொய் ஆவணக் குற்றமும் சேர்ந்துகொள்ளும்.

இனி, பிடிபட்டால் என்ன ஆகும் என்பது. பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. உங்கள் முதலாளி உங்களை மிரட்டுவதே உங்களுக்குச் சட்டம் தெரியாது என்ற தைரியத்தில்தான். நீங்கள் முத்திரை வாங்கி முறையாக உள்ளே வந்து, அனுமதித்த நாள் தாண்டித் தங்கியவர். மலேசியக் குடிநுழைவு (இமிகிரேஷன்) சட்டத்தின் 15ஆம் பிரிவு உங்களுக்குப் பொருந்தும். நீதிமன்றத்துக்குப் போனால் குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். முத்திரையே இல்லாமல் கடல் வழியாகவோ எல்லை தாண்டியோ வந்தவர்களுக்கு 6ஆம் பிரிவு, அதில் ஆறு பிரம்படி வரை உண்டு. மேல்மாடியில் படுக்கும் நீங்கள் ஏழு பேரும் ஒரே நிலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அப்படி இருக்காது, ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டிலும் என்ன முத்திரை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிடிபட்ட வெளிநாட்டவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தாமலே 14 நாள் வரை வைத்திருக்கலாம். தண்டனை முடிந்தபிறகும் தடுப்பு முகாமில் பயண ஆவணத்துக்கும் டிக்கெட்டுக்கும் காத்திருக்க வேண்டும்.

முதலாளிக்கும் சட்டம் இருக்கிறது. பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் அதே சட்டத்தின் 55பி பிரிவின்படி ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம். ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் அவருக்கே சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். ஏழு பேரை மாடியில் படுக்க வைத்திருப்பவர் இமிகிரேஷனுக்குப் போன் போடுவதற்கு முன் பலமுறை யோசிப்பார். இதை வைத்து அவரிடம் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. அவர் நினைக்கும் அளவுக்கு உங்கள் கை வெறுங்கையல்ல என்று சொல்ல வந்தேன்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பிடிபடும் முன்னால், உங்கள் காலால் நடந்து திரும்புங்கள். அதற்கென்று அரசு ஒரு கதவைத் திறந்தது. தாமாக முன்வந்து நாடு திரும்புகிறவர்களை வழக்கில்லாமல் அனுப்பும் திட்டம் 2024 மார்ச்சிலிருந்து அந்த ஆண்டு இறுதிவரை நடந்தது. இரண்டாவது முறையாக 2025 மே 19இல் தொடங்கி 2026 ஏப்ரல் 30 வரை என்று அறிவித்தார்கள். அது இன்னும் நடக்கிறதா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் திட்டத்தில், அனுமதித்த நாள் தாண்டித் தங்கியதற்கு 500 ரிங்கிட், நாட்டை விட்டுப் போவதற்கான சிறப்புப் பாஸுக்கு 20 ரிங்கிட். கையில் செல்லுபடியாகும் பயண ஆவணமும் ஊருக்கான டிக்கெட்டும் வேண்டும். நேராகக் குடிநுழைவு அலுவலகத்தின் அமலாக்கப் பிரிவுக்குப் போக வேண்டும். இடையில் ஏஜெண்ட் யாரும் தேவையில்லை. டிக்கெட்டை எத்தனை நாளுக்குள் போட வேண்டும், பணத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்பதை அந்தத் துறையின் அறிவிப்பில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். வேறு வழக்கில் தேடப்படுகிறவர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. 520 ரிங்கிட்டும் ஒரு டிக்கெட்டும் ஒரு பக்கம், 6,000 ரிங்கிட்டும் ஒரு பொய்யும் மறு பக்கம். உங்கள் நான்கு மாதச் சம்பளம் அது.

பாஸ்போர்ட் இல்லாமல் இது எதுவும் நடக்காது என்பீர்கள். சரிதான், முதல் வேலையே அதுதான். அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வது மலேசியாவின் 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். "ஊருக்குப் போகிறேன், கொடுங்கள்" என்று ஒருமுறை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேளுங்கள், மறுத்தால் அதுவே சாட்சி. பிறகு கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தின் தொழிலாளர் நலப் பிரிவுக்குப் போங்கள். முதலாளியிடமிருந்து மீட்க முடியாவிட்டால் ஒருவழிப் பயணத்துக்கான அவசரச் சான்றிதழ் கொடுப்பார்கள். பாஸ்போர்ட்டின் முன்பக்கப் படமோ, நகலோ, ஆதாரோ எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். ஊரில் மனைவியிடம் நகல் இருக்கும். டிக்கெட்டுக்கே வழியில்லை என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். வெளிநாட்டில் தவிக்கும் இந்தியர்களுக்கு டிக்கெட் எடுக்கவும், தொழிலாளிமேல் தவறில்லாத நிலையில் சிறு அபராதங்களைக் கட்டவும் 2009 முதல் தூதரகங்களில் சமூக நல நிதி ஒன்று இருக்கிறது. அது பிச்சையல்ல, அங்கே இந்தியர்கள் கட்டும் தூதரகக் கட்டணங்களிலிருந்து சேர்ந்த பணம். காவல் நிலையத்தில் புகார் எழுதிவரச் சொன்னால் தனியாகப் போக வேண்டாம். அங்கேயே உங்களைப் பிடித்து வைத்துவிடும் ஆபத்து உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் தெனாகனிதா போன்ற அமைப்பிலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள்.

தெனாகனிதாவைப் பற்றி இரண்டு வார்த்தை. 1991இல் ஐரீன் பெர்னாண்டஸ் தொடங்கியது. தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படும் பாட்டை, அவர்களிடமே கேட்டுத் தொகுத்து 1995இல் அறிக்கையாக வெளியிட்டார். முகாம்களை விசாரிப்பதற்குப் பதிலாக அவர்மேல் வழக்குப் போட்டார்கள். 2003இல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் 2008இல்தான் விடுதலை. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் அந்த வழக்கைச் சுமந்தார். தன் நாட்டுக்காரர்கள்கூட இல்லாத, பெயர் தெரியாத கூலிக்காரர்களுக்காக. 2014இல் காலமானார். உங்களுக்கு அங்கே யாருமே இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தபோது ஒன்று உறுத்தியது. பாஸ்போர்ட் பறிப்பு, சம்பளம் நிறுத்தம், காட்டிக்கொடுப்பேன் என்ற மிரட்டல் மூன்றும் சேர்ந்தால் அது வெறும் பெர்மிட் இல்லாத பிரச்சினை அல்ல, கட்டாய உழைப்பாக இருக்கலாம். மலேசியாவில் 2007ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி பாதிக்கப்பட்டவர் என்று ஏற்கப்பட்டால் பெர்மிட் இல்லாமல் இருந்ததற்காக அவர்மேல் வழக்குத் தொடர முடியாது. ஏற்கச் செய்வது எளிதல்ல, நாளாகும், அதுவரை காப்பகத்தில் இருக்க வேண்டிவரும். உங்கள் நிலை அதற்குள் வருமா என்பதை அந்த அமைப்பினரிடம் கேட்டபிறகு முடிவெடுங்கள். சம்பளப் பாக்கியும் அப்படித்தான். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தும், தொழிலாளர் துறையில் கோரலாம். பெர்மிட் இல்லாதவர் அங்கே உட்கார்ந்து வழக்கை நடத்தி முடிப்பது மிகக் கடினம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆகிவிட்டது, உங்களுக்குப் பேசியதே அதற்குக் கீழே. எத்தனை நாள், எத்தனை மணி நேரம், எவ்வளவு கையில் வந்தது என்று இன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள். கடை வாசலில், சமையற்கட்டில் உங்கள் படம் இருந்தால் மனைவிக்கு அனுப்பிவையுங்கள்.

வெறுங்கையோடு எப்படித் திரும்புவது என்றுதான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள். நம் பக்கத்தில் வெளிநாடு போனவன் கை நிறையத்தான் வர வேண்டும். வராதவனைச் சொந்தக்காரர்கள் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். அந்தப் பார்வைக்குப் பயந்து ஆண்டுக்கணக்கில் ஒளிந்து கிடந்தவர்களும் உண்டு. பெண் பிள்ளை பெரியவளானதற்கு வரவில்லை, தாய் செத்ததற்கு வரவில்லை. கடன் மட்டும் அப்படியே இருந்தது, வட்டியோடு. தம்பி, நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்றியவர் உங்கள் ஊரில் வெள்ளை வேட்டியில் நடமாடிக்கொண்டிருக்கிறார்.

அவரை விடக்கூடாது. 1983 குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெறாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது குற்றம், இரண்டாண்டு வரை சிறை உண்டு. பதிவு பெற்றவரே 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் வாங்கலாம். உங்களிடம் வாங்கியது அதைப்போல ஐந்து மடங்கு. நீங்கள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம். பணம் போன வங்கிக் கணக்கு விவரம், ஏஜெண்ட் பேசிய குரல் பதிவுகள் எல்லாவற்றையும் மனைவிக்கு அனுப்புங்கள். அவர் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கட்டும், ஒரு நகல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, ஒன்று சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலருக்கு, ஒன்று அயலகத் தமிழர் நலத் துறைக்கு. மனு ரசீதை வாங்காமல் வரக்கூடாது என்று சொல்லுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் மனைவியிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பெர்மிட் இருப்பதாகவே அவர் நினைத்துக்கொண்டிருப்பார் என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். இன்று இரவு கடை மூடியதும் போன் செய்து சொல்லிவிடுங்கள். மனுவை எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியாவிட்டால் விவரங்களை எனக்கு அனுப்பட்டும், நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்.