கிராபீன் கலந்த றெசினும் பைபர் படகும்

கேள்வி: முல்லைத்தீவுக் கரையில் பைபர் படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். எஃகைவிடப் பன்மடங்கு வலிமையானது என்று கேள்விப்பட்டு, கிராபீன் தூளைப் பொலியெஸ்டர் றெசினில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்து, பழைய மூடியொன்றில் கண்ணாடி இழை மாற் விரித்துப் பூசினேன். றெசின் கூழாகத் தடித்தது. இறுகுவதற்கு வழமையைவிட அதிக நேரமெடுத்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே துளைகள். தூள் போலியா, என் வேலை பிழையா?
– வாசகர், அளம்பில்

பதில்: நீங்கள் எழுதிய மூன்று குறைகளும் அசல் கிராபீனிலும் வருபவை. எனவே உங்கள் கைவேலையைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை.

மான்செஸ்டரில் கெய்ம், நோவொசெலொவ் ஆகிய இரு இயற்பியலாளர்களும் 2004இல் பிரித்துக் காட்டி, 2010இல் நோபல் பரிசு பெற்ற கிராபீன் ஒற்றை அணுத் தடிப்புள்ள கரித்தாள். நீங்கள் கேள்விப்பட்ட வலிமை, குறையில்லாத அந்த ஒற்றைத் தாளுக்கு உரியது. கடையில் விற்கும் தூளோ பெரும்பாலும் பல தாள்கள் ஒட்டிய அடுக்கு. இழுத்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். போகலைச் சுரங்கத்தில் எடுக்கும் காரீயமும் (பென்சிலில் உள்ள கிராபைற்) இதே தாள்களின் தடித்த அடுக்குத்தான். அதை நன்றாக அரைத்துவிட்டால் மட்டும் கிராபீன் ஆகிவிடாது.

முழுதாகப் பிரிந்த ஒரு கிராம் கிராபீனின் மேற்பரப்பு ஏறத்தாழ 2600 சதுர மீற்றர், அதாவது பத்துப் பரப்புக் காணி. அதன் ஒரு பகுதியையேனும் நனைக்க வேண்டியிருப்பதால்தான் றெசின் தடிக்கிறது. தாள்கள் ஒன்றையொன்று இழுத்துக் கட்டிபிடிப்பதால், கொதிநீரில் கொட்டிய மாவைப் போல, கட்டியின் உட்புறம் நனையாமலே இருந்துவிடுகிறது. றெசினை இறுகவைக்க ஹாட்னர் உண்டாக்கும் தனி மூலிகங்களில் ஒரு பங்கைக் கரித்தாள் பிடித்துக்கொள்ளக் கூடியது என்பதால், இறுகுவதும் தாமதமாகிறது.

கைவேலையில் நான் மிகவும் அஞ்சுவது நிறத்தை. தெளிந்த றெசினைப் பூசும்போது காற்று நின்ற இடம் வெண்புள்ளியாகத் தெரியும். உடனே றோலரை அழுத்தி அதை வெளியேற்றுகிறீர்கள். கறுத்த றெசினில் அந்தப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது, தடித்த றெசினிலிருந்து காற்றும் எளிதில் மேலெழாது. உங்கள் மூடியிலிருந்த துளைகள் பெரும்பாலும் இப்படித்தான் வந்திருக்க வேண்டும். வெற்றிடத்தால் றெசினை இழுக்கும் தொழிற்சாலைகளில் வேறொரு தொல்லை: கண்ணாடி இழைகளுக்கு இடையிலான வெளி சில மைக்ரோன்களே என்பதால் மாற் வடியாக வேலை செய்து, றெசின் நுழையும் பக்கத்திலேயே தூளைத் தடுத்துவிடுகிறது.

இத்தனை பாடுபட்டும் கிடைப்பது எது? படகின் இழுவிசையைக் கண்ணாடி இழையே தாங்குகிறது; அதைக் கிராபீன் பெரிதாகக் கூட்டாது. நன்றாகப் பரவினால், இழை அடுக்குகள் ஒன்றைவிட்டொன்று பிரிவதைத் தடுப்பதிலும், நீர் ஊடுருவுவதைத் தாமதப்படுத்துவதிலும் அது உதவக்கூடும். அதற்கும் நூற்றுக்கு அரைப் பங்கோ அதற்கும் குறைவோ போதும். அந்தச் சிறு அளவைப் பரப்பவே ஆய்வுகூடங்களில் மூன்று உருளை அரைவை இயந்திரமும் மீயொலியும் வேண்டியிருக்கின்றன. மீயொலியை நெடுநேரம் செலுத்தினால் தாள்களே உடைந்துவிடும். கோலாலோ துளைபொறியாலோ கலக்குவது போதாது.

கடலுக்குப் போகும் படகில் இந்தக் கலவையைத் தயவுசெய்து இப்போது பூச வேண்டாம். அதில் நம்பி ஏறுவோரின் உயிர் இருக்கிறது. சோதித்துப் பார்க்க விரும்பினால், பொலியெஸ்டருக்கென்றே முன்கூட்டிப் பரப்பிய கலவை கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஹாட்னர் சேர்க்குமுன் அதில் ஒரு துளியை இரு கண்ணாடித் துண்டுகளுக்கிடையே நசுக்கி வெயிலில் பிடித்துப் பாருங்கள். சீரான சாம்பல் நிறத்துக்குப் பதிலாகக் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது பரவவில்லை. மீதித் தூளை முகக்கவசம் அணியாமல் திறக்க வேண்டாம். அது கரைக்காற்றில் எளிதாக எழும்பி மூச்சோடு உள்ளே போகும்.