நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். எங்கள் எம்.பி. மக்களவையில் எப்படி வாக்களித்தார் என்று எங்கே பார்ப்பது?

நீங்கள் அல்சூர் என்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் தொகுதி பெங்களூரு மத்தி. 2009 முதல் அங்கே எம்.பி. பி.சி. மோகன்தான்.

ஆனால் முழு வாக்குப் பட்டியல் கிடைக்காது. காரணம், பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. "ஆம்", "இல்லை" என்று சத்தம் எழும், சபாநாயகர் முடிவைச் சொல்வார், யார் பெயரும் பதிவாகாது. ஓர் உறுப்பினர் 'டிவிஷன்' கேட்டால்தான் ஒவ்வொருவரின் வாக்கும் தனித்தனியாகப் பதிவாகும். அரசியல் சாசனத் திருத்தத்துக்கு அது கட்டாயம். 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவுக்கு 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு என்று எண்ணிக்கையோடு தெரிந்தது அதனால்தான். பெயர்கள் அன்றைய அவைக்குறிப்பில் இருக்கும்.

அதிலும் ஒரு சிக்கல். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சிக் கொறடா இடும் உத்தரவை மீறினால் பதவியே போகலாம். ஆகவே வாக்கு பெரும்பாலும் கட்சியின் முடிவு. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

சரி, தனி ஆளாக என்ன செய்தார் என்று அறிய அவர் கேட்ட கேள்விகளைப் படியுங்கள். மக்களவை இணையதளத்தில் அமைச்சரின் பதிலோடு கிடைக்கும். எண்ணிக்கையைவிட, உங்கள் ஊர் ரயில், குடிநீர் பற்றிக் கேட்டாரா என்பதே முக்கியம். அமைச்சர்கள் கேள்வி கேட்பதில்லை, வருகைப் பதிவேட்டிலும் கையெழுத்திடுவதில்லை. அவர்களை இந்தக் கணக்கில் ஒப்பிடாதீர்கள்.

அப்புறம் தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். எம்.பி. பரிந்துரைப்பார், வேலையை முடிப்பது மாவட்ட நிர்வாகம்.