காரணம் தெரியாமல் சதை துடிக்கிறது. எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: சில வாரங்களாகக் கெண்டைக்கால், கண்ணிமை, தோள் என்று இடம் மாறி மாறிச் சதை துடிக்கிறது. வலி இல்லை. இணையத்தில் தேடினால் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயாக இருக்கலாம் என்று வருகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: எத்தனை தடவை துடிக்கிறது என்று எண்ணுவதை விட்டுவிட்டு, கை காலில் பலம் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நரம்பியல் மருத்துவரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

ஒரு நரம்பு இழை பல தசை நார்களை இயக்குகிறது. அந்த இழை தானாகவே ஒரு மின்தூண்டலை விட்டால் அந்த நார்கள் எல்லாம் ஒன்றாகச் சுருங்கும். தோலுக்கடியில் புழு நெளிவது போலத் தெரியும். தூக்கக் குறைவு, மன அழுத்தம், கடுமையான உடற்பயிற்சி, அதிகக் காபி எல்லாமே இதைத் தூண்டும். நடக்கும்போது தெரியாமல், படுத்த பிறகு துடிப்பது ஆபத்தில்லாத வகைத் துடிப்பில் சாதாரணம். பயமும் துடிப்பைக் கூட்டும், கூடிய துடிப்பு பயத்தைக் கூட்டும். பலர் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வது இந்தச் சுழலில்தான்.

ஏ.எல்.எஸ். நோயில் நரம்பு செல்கள் அழிவதால் பலம் போகிறது, சதை வற்றுகிறது, கூடவே துடிப்பும் வருகிறது. பரிசோதனையில் வேறு குறை எதுவும் இல்லாமல் துடிப்பு மட்டும் இருந்த 121 பேரை அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2 முதல் 32 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து, 1993-இல் முடிவை வெளியிட்டது. ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை.

வீட்டிலேயே பார்க்கலாம்: குதிகாலால் பத்தடி, நுனிக்காலால் பத்தடி நடங்கள். குந்தி உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருங்கள். சட்டைப் பொத்தான் போடுங்கள், பாட்டில் மூடியைத் திறங்கள். மாதம் ஒருமுறை போதும். தினமும் சோதித்தால் தசை களைத்து, அதனாலேயே துடிக்கும்.

காபி, டீயை ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து, மதியத்துக்கு மேல் வேண்டாம் என்று வையுங்கள். சாப்பிடும் மருந்துகளையும் கவனியுங்கள். நீர் பிரிய வைக்கும் மாத்திரை பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் குறைக்கலாம். வயிற்றுப் புண்ணுக்கென்று ஆண்டுக்கணக்கில் விழுங்கும் பான்டோப்ரசோல், ஓமெப்ரசோல் போன்றவை மெக்னீசியத்தைக் குறைக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மெக்னீசியம் மாத்திரையையும் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது உடம்பில் தேங்கி ஆபத்தாகும்.

கண்ணிமைத் துடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கும். அதே பக்கக் கன்னத்துக்கும் வாயோரத்துக்கும் பரவினால் அது முகநரம்பைச் சேர்ந்த வேறு பிரச்சினை. அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

செருப்பு காலிலிருந்து நழுவுவது, கால் தடுக்குவது, சாவி திருப்ப முடியாமை, ஒரு பக்கச் சதை மெலிவது, பேச்சுக் குழறல், விழுங்கும்போது புரையேறுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். மரத்துப்போதல், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தாலும், ஒரே இடத்தில் வாரக்கணக்கில் விடாமல் துடித்தாலும் டாக்டரைப் பாருங்கள். பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், தைராய்டு, கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனைகள் பெரும்பாலும் முதலில் வரும். பலம் குறைந்திருந்தால்தான் இ.எம்.ஜி. (தசையின் மின்செயலைப் பதிவு செய்யும் சோதனை) பெரிதும் உதவும். துடிப்பை செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் அது வராமல் போகலாம்.

தைராய்டு அறுவைக்குப் பிறகு வாயைச் சுற்றிக் கூச்சமும் விரல் இழுப்பும் வந்தால் கால்சியம் இறங்கியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயலில் பூச்சிமருந்து அடித்த பிறகு சதை துடிப்போடு எச்சில் வடிதல், வியர்வை, வாந்தி, மூச்சுத்திணறல் சேர்ந்தால் உயிர் ஆபத்து. உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வருவதற்குள் உடைகளைக் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவிவிடுபவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து டப்பாவையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.