டெர்மாய்டு கட்டிக்கு ஆபரேஷன்: சினைப்பையையே எடுத்துவிடுவார்களா?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. அடிவயிற்று வலிக்காக ஸ்கேன் எடுத்தபோது, வலது சினைப்பையில் 7 செ.மீ. அளவுக்கு ‘டெர்மாய்டு’ கட்டி இருப்பது தெரிந்தது. லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்) எடுக்க வேண்டும் என்கிறார்கள். மாத்திரையில் கரையாதா? சினைப்பையையே எடுத்துவிடுவார்களா? தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறோம். எத்தனை நாள் ஓய்வு வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சினைப்பையில் வரும் எல்லாக் கட்டியையும் ‘நீர்க்கட்டி’ என்று நாம் பொதுவாகச் சொல்லும் சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். பிசிஓடி-யில் ஸ்கேனில் தெரியும் சின்னச் சின்ன முட்டைப்பைகளுக்கு ஆபரேஷன் தேவையில்லை. மாதச் சுழற்சியில் உருவாகும் 5 செ.மீ.க்குக் குறைவான வெறும் நீர்க்கட்டிகள், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிலக்குக்குள் தானே வற்றிவிடும். உங்கள் மகளுக்கு இருப்பது அந்த வகையல்ல. டெர்மாய்டுக்குள் வெண்ணெய் போன்ற மஞ்சள் கொழுப்பும் முடிக்கற்றையும் இருக்கும். சிலருக்குப் பல்கூட இருக்கும். முடியையும் பல்லையும் எந்த மாத்திரையும் கஷாயமும் கரைக்காது.

அநேகமாக இது புற்றுநோய் அல்ல. அவசரம் வேறு விதத்தில் வரலாம். கனமான கட்டி சினைப்பையோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் தடைபடும். ஆபரேஷன் தேதிக்கு முன்பே ஒரு பக்கமாகத் திடீர்க் கடும் வலியும் வாந்தியும் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். சில மணி நேரம் தாமதித்தாலும் சினைப்பையைக் காப்பாற்றுவது கடினமாகிவிடும்.

உங்கள் மகளின் வயதில் கட்டியை மட்டும் எடுப்பதே முறை. பனங்காயிலிருந்து நுங்கை உடையாமல் நோண்டி எடுப்பதுபோல, சினைப்பையின் மேல்தோலைக் கீறி, கட்டியை அதன் உறையோடு பிரித்தெடுப்பார்கள். பிறகு அந்தக் கட்டியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வெளியே இழுப்பார்கள். உடைந்து கொழுப்பு சிந்தினால் வயிற்றின் உள்சவ்வு அழற்சியாகும் என்பதால், வெதுவெதுப்பான சலைனால் (உப்புநீர்) பலமுறை கழுவுவார்கள். கையெழுத்துப் போடும் முன் இதைக் கேளுங்கள்: “சினைப்பையைக் காப்பாற்ற முடியும்தானே? எந்த நிலையில் எடுக்க வேண்டிவரும்?” பதிலை ஒப்புதல் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். நூறில் 10 முதல் 15 பேருக்கு மறுபக்கமும் டெர்மாய்டு இருக்கக்கூடும்; இடது பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே ஒரு சினைப்பையை எடுக்க நேர்ந்தாலும், மற்றது நன்றாக இருந்தால் மாதவிலக்கும் வரும், குழந்தையும் பிறக்கும்.

மகளுக்குக் கல்யாணமாகவில்லை என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். பிறப்புறுப்பு வழியாகக் கருவி எதுவும் நுழைக்காமலே இந்த ஆபரேஷனைச் செய்யலாம். சிறுநீர் டியூப் போகும் துவாரம் வேறு. அதற்குத் தயங்க வேண்டாம்.

தொப்புளில் ஒன்றும் அடிவயிற்றில் இரண்டு மூன்றுமாக, 5 முதல் 10 மி.மீ. துளைகள்தான் இருக்கும். பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வயிற்றில் ஆபரேஷன் செய்துவிட்டு தோள்பட்டை ஏன் வலிக்கிறது என்று பலர் பயந்துபோய் ஓடிவருவார்கள். வயிற்றை உப்பச்செய்ய ஏற்றிய கார்பன்-டை-ஆக்சைடு வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. எழுந்து நடமாடினால் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். முதல் மூன்று நாள், வலி வரட்டும் என்று காத்திராமல் எழுதித் தந்த மாத்திரையை நேரப்படி கொடுங்கள். வலி மருந்தாலும் படுத்தே இருப்பதாலும் மலச்சிக்கல் வரும். முக்க விடாமல் தண்ணீர், கீரை, வாழைப்பழம், தேவைப்பட்டால் மலமிளக்கி சிரப் கொடுங்கள். பருப்பு, கத்திரிக்காய் சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் போடாதீர்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். பருப்பும் முட்டையும் தாராளமாகக் கொடுங்கள்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் போகலாம். சடன் பிரேக் பிடித்தால் வயிறு வலிக்காது என்ற நிலை வந்த பிறகே ஸ்கூட்டர். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் தூக்குவதற்கு 6 வாரம் போகட்டும். வயிற்றைத் திறந்து செய்ய நேர்ந்தால் மற்ற வேலைகளுக்கும் அந்த 6 வாரம் வேண்டும். கல்யாணத் தேதிக்கு முன் குறைந்தது இரண்டு மாத இடைவெளி இருந்தால் அவளும் நிம்மதியாக இருப்பாள். அடுத்த மாதவிலக்கு முன்பின் தள்ளி வரலாம்.

லேப்ராஸ்கோப்பி செய்தவருக்கு நேற்றைவிட இன்று வலி குறைந்திருக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் நாளில் வலி கூடினால், வயிறு உப்பினால், வாந்தி நிற்காவிட்டால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் உடனே கூட்டிப்போங்கள். குடலில் கண்ணுக்குத் தெரியாத காயம் ஏற்பட்டிருந்தால் இப்படித்தான் தாமதமாக வெளிப்படும். “கேஸ்தான்” என்று சோடா குடித்துப் பார்க்கும் நேரமல்ல அது. கெண்டைக்கால் ஒருபக்கம் வீங்கி வலித்தாலும், சிறுநீர் போகாவிட்டாலும் அப்படியே.

எடுத்த கட்டியை லேபில் பரிசோதிக்கும் பயாப்ஸியின் முடிவு ஒன்றிரண்டு வாரத்தில் வரும். தையல் பார்க்கப் போகும்போது கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து வையுங்கள். நாளை அவள் கர்ப்பமாகும்போது டாக்டர் முதலில் கேட்பது அந்த இரண்டு தாள்களைத்தான்.