புதுத் தொட்டியில் நைட்ரைட் 5லேயே நிற்கிறது, மீன் விடலாமா?

கேள்வி: கல்முனையில் இரண்டடித் தொட்டி வைத்து 23 நாளாகிறது. கிணற்றுத் தண்ணீர். மீன் இன்னும் விடவில்லை. பற்றீரியா வளர்வதற்காகத் தினமும் 2 பிபிஎம் (லீற்றருக்கு 2 மில்லிகிராம்) வரும் அளவுக்கு அமோனியா ஊற்றுகிறேன். இன்று காலை பார்த்ததில் அமோனியா 0.25, நைட்ரைட் 5, நைட்ரேட் 40. ஒரு கிழமையாக நைட்ரைட் அசையவே இல்லை. நைட்ரேட் வந்துவிட்டதால் மீன் விடலாமா?

இப்போது விடாதீர்கள், அமோனியாவைப் போல நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. ஆனால் தொட்டியில் ஒரு பிழையும் இல்லை. நேற்று ஊற்றிய 2 பிபிஎம் இன்றைக்கு 0.25 ஆகிவிட்டதென்றால் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிற பற்றீரியா வந்து குடியேறிவிட்டது. நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது வேறு இனம். அது மெதுவாகத்தான் பெருகும். (பள்ளிக்கூடத்தில் நைத்திரைற்று, நைத்திரேற்று என்று படித்தது இந்த இரண்டையும்தான். அப்போதும் எனக்கு மாறிப்போகும், இப்போதும் அப்படித்தான்.)

நைட்ரைட் அசையவில்லை என்கிறீர்களே, அது உண்மையில் 5ஆ என்று பாருங்கள். துளி விட்டுப் பார்க்கிற கிட்கள் பலவற்றில் அட்டையின் கடைசி நிறமே 5தான். அமோனியா 1 மில்லிகிராம் மாறினால் நைட்ரைட் சுமார் 2.7 மில்லிகிராம் வரும், ஒட்சிசன் சேர்ந்து எடை கூடிவிடுவதால். அப்படியென்றால் நீங்கள் ஒரு நாளைக்கு ஊற்றுகிற 2 பிபிஎம்மே 5.4 ஆகிறது. ஒரே நாளில் அட்டை முடிந்துவிட்டது. பத்து நாள் ஊற்றியிருந்தால் தொட்டியில் 50 கூட இருக்கலாம். அது 50இல் இருந்து 20க்கு இறங்கினாலும் குழாயில் அதே கடும் ஊதாதான் தெரியும்.

ஃபார்மசியில் ஒரு சிரிஞ் வாங்குங்கள். தொட்டித் தண்ணீர் 1 மில்லி, கடையில் விற்கிற போத்தல் தண்ணீர் 9 மில்லி கலந்து, அதில் எடுத்துச் சோதியுங்கள். வருகிற எண்ணைப் பத்தால் பெருக்கினால் உண்மையான அளவு. இரண்டு நாளுக்கு ஒரு தடவை இப்படிப் பார்த்தால் இறங்குகிறதா ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். அதோடு தினமும் அமோனியா ஊற்றுவதை நிறுத்துங்கள். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை 1 பிபிஎம் விட்டால் போதும். தண்ணீர் மாற்றினால் பற்றீரியா போய்விடும் என்று பயப்பட வேண்டாம், அது பில்ட்டர் ஸ்பொஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழும். ஸ்பொஞ்சை மட்டும் பைப் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள், குளோரின் கொன்றுவிடும்.

இனி அந்த 40. அதை நான் நம்பமாட்டேன். நைட்ரேட் டெஸ்ட் செய்கிற வேலையே நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி நிறம் காட்டுவதுதான். ஏற்கனவே தண்ணீரில் கிடக்கிற நைட்ரைட்டும் அந்தக் கணக்கில் ஏறிவிடும். நைட்ரைட் பூச்சியத்துக்கு வரும்வரை நைட்ரேட் எண் பெரிதாக ஒன்றும் சொல்லாது.

இன்னொரு காரணம் கிணறு. இதில் நான் அடிபட்டவன். கல்லடி ஊரில் முதல் தொட்டி வைத்து ஐந்தாம் நாள் நைட்ரேட் 20 காட்டியது. எல்லாம் முடிந்துவிட்டது என்று எட்டுக் கப்பி மீன் வாங்கி விட்டேன். அமோனியாவைப் பார்க்கவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன, பின்னேரத்துக்குள் ஐந்து போய்விட்டது. அப்புறம்தான் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தேன். அதே 20! அந்த நைட்ரேட் பற்றீரியா செய்ததே இல்லை. கரையோர மணல் நிலம், ஆழமில்லாத கிணறு, பக்கத்து வளவு மலசலகூடக் குழி எத்தனை அடி தூரம் என்று சொல்லவே வெட்கம். உம்மாவிடம் சொன்னதற்கு, “இந்தத் தண்ணியக் குடிச்சித்தானே நீங்கல்லாம் வளந்த” என்றார்.

ஆகவே முதலில் கிணற்றைச் சோதியுங்கள். தொட்டி எண்ணில் கிணற்று எண்ணைக் கழித்து மிஞ்சுவதுதான் தொட்டியின் வேலை. கிணற்றிலேயே 50க்கு மேல் வந்தால் மீன் கதை இருக்கட்டும், வீட்டில் போத்தலில் பால் குடிக்கிற குழந்தை இருந்தால் அந்தத் தண்ணீரில் பால் கரைக்க வேண்டாம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும்.

நைட்ரேட் கிட்டின் இரண்டாவது போத்தலைச் சோதிக்குமுன் அரை நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். அடியில் படிந்துபோயிருந்தால் இருக்கிற நைட்ரேட்டையும் குறைத்துக் காட்டும்.

அமோனியா 0.25 சில நேரம் வெறும் வெளிச்சக் கோளாறு. வீட்டு லைட்டில் மஞ்சள் கொஞ்சம் பச்சையாகத் தெரியும். போத்தல் தண்ணீரையும் இன்னொரு குழாயில் சோதித்து இரண்டையும் முற்றத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே நிறமென்றால் அது பூச்சியம்.

பிஎச் எண்ணை எழுதவில்லையே. அதையும் பாருங்கள். பற்றீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் காரத்தன்மை குறையும், பிஎச் 6க்குக் கீழே போனால் வேலை கிட்டத்தட்ட நின்றுவிடும். மீன் விட்ட பிறகும் இந்த எண் தேவை. 28 பாகை வெப்பத்தில், பிஎச் 7 என்றால் அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நஞ்சான வடிவில் இருக்காது, 8 என்றால் ஆறு பங்குக்கு மேல். ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள், நம் ஊர் வெக்கைக்கு அது வேண்டாம்.

மாலையில் 2 பிபிஎம் ஊற்றி, அடுத்த மாலை அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியம் என்றால் தொட்டி தயார். அன்றைக்கே பெரிய அளவில் தண்ணீர் மாற்றிவிட்டு ஐந்தாறு மீன் மட்டும் விடுங்கள். மிச்சத்தை இரண்டு கிழமை கழித்து வாங்கலாம்.